அரைத் தேங்காய்

பதினொரு வருசம்
வத்தகப்பழத்தில் அன்னம் செதுக்கினேன்.
கரட்டில் ரோசா, வெள்ளரியில் விசிறி.
காலிமுகத்திடல் பக்கம் ஒரு ஹோட்டலில்
மாப்பிள்ளை பொம்பிளை மேசைக்கு முன்னால்
கழுத்தை வளைத்து நிற்கும் என் அன்னங்கள்.
எல்லாரும் படம் எடுத்தார்கள்.
ஒருவரும் தின்னவில்லை.

மார்ச்சில் ஆட்குறைப்பு.
கத்திகளைத் துவாயில் சுற்றிக்கொண்டு
நூறாம் இலக்க பஸ்ஸில்
வெள்ளவத்தையில் வந்து இறங்கினேன்.

சுகிர்தாவுக்கு மருந்துக்கடையில்
இரவு எட்டு மட்டும் வேலை.
மூன்றாம் நாள் காலை
மேசையில் அறுநூறு ரூபாயை வைத்து,
காற்றாடிக்குப் பறக்காமல்
பம்பாய் வெங்காயம் ஒன்றைப் பாரமாக வைத்து,
"ஆறுதலாச் சமையுங்கோ" என்றுவிட்டுப் போனாள்.

அன்னம் செதுக்கியவனுக்குச்
சொதி வைக்கத் தெரியாது.
முதற்பாலைக் கொதிக்கவிட்டேன்.
தேசிக்காயை அடுப்பிலேயே பிழிந்தேன்.
சட்டிக்குள் மேகம் மேகமாய்த் திரைந்தது.
அரை றாத்தல் பாணைத் தோய்த்துத் தின்றுவிட்டு
அவள் சொன்னாள்:
"தயிர் பரவாயில்லை."

கடற்கரைத் தண்டவாளத்துக்குப் பின்பக்கம் எங்கள் குசினி.
அடுப்பு, ஒரு தட்டு, நான்.
நாலாவதாக எதுவும் வந்தால்
நான்தான் வெளியே போகவேண்டும்.
ரயில் போகும்போது சட்டி மூடி பல்லை நெருமும்.
அதுதான் என் மணிக்கூடு.
ஆறு மணி வண்டிக்கு மைசூர்ப் பருப்பை ஏற்று.
அடுத்த வண்டிக்குப் பாலை விடு.
அதற்கடுத்ததற்குச்
செத்தல் மிளகாயும் கடுகும் வெடிக்கட்டும்.
வண்டி பிந்திய நாள்களில்
பருப்புக் களி.

முழுத் தேங்காய் எங்கள் கணக்கில் இல்லை.
நசீர் நானா கத்தியின் முதுகால்
ஒரே தட்டில் உடைப்பார்.
"கண் பக்கமா, மற்றதா?"
எனக்கு எப்போதும் கண் பக்கம்.
திருவும்போது அந்த மூன்று குழியும்
உள்ளங்கையில் பிடிபடும், வழுக்காது.
"மற்றப் பாதி ஆருக்கு நானா?"
"ஆரோ வருவாங்க."

ஒரு நாள் பிந்திப் போனேன்.
யாரோ எனக்கு முந்திவிட்டார்.
மிஞ்சிக் கிடந்த மொட்டைப் பாதியைத்
திருவலையில் பிடித்தேன், வழுக்கியது,
சுட்டுவிரலில் ஒரு கீறல்.
மாடியில் எவர் வீட்டிலோ
சம்பல் இடிக்கும் சத்தம்.
இத்தனை நாளும்
அந்த ஆளுக்கும் இப்படித்தானே வழுக்கியிருக்கும்.
அடுத்த நாள் நானாவிடம்
"இண்டைக்கும் மற்றதையே தாங்கோ" என்றேன்.

ஆவணியில் ஹோட்டலில் இருந்து அழைப்பு.
சனிக்கிழமை ஒரு கலியாணம்,
இரண்டு அன்னம், ஒரு நாள் கூலி.
போனேன். கை மறக்கவில்லை.
இறகுக்குமேல் இறகு,
அலகுக்குக் கரட், கண்ணுக்கு மிளகு.
நள்ளிரவில் மேசைகளை மடிக்கும்போது
குப்பை வாளிக்கு முன்னால் நின்று கேட்டேன்:
"இதில ஒண்டை நான் கொண்டுபோகட்டா?"
கூலியில் பாதி ஓட்டோவுக்குப் போனது.
காலி வீதி நெடுக
என் மடியில் இருந்து வந்தது அன்னம்.

ஞாயிறு அவளுக்கு அரை நாள்.
கழுத்தைத்தான் முதலில் வெட்டினேன்.
கொஞ்சம் கை நடுங்கியது.
பச்சைத் தோலைச் சீவி
வெள்ளைச் சதையைத் துண்டு போட்டு,
வெந்தயம், மஞ்சள், பச்சை மிளகாய்,
இரண்டாம் பாலில் அவியவிட்டு,
முதற்பாலைக் கொதிக்கவிடாமல் துழாவி,
இறக்கிய பிறகு,
இறக்கிய பிறகுதான்,
தேசிக்காய்.

இரண்டாம் தரம் சோறு போட்டாள் சுகிர்தா.
"என்ன காய் இது? நீத்துப்பூசணியா?"
"அன்னம்."
என்னைப் பார்த்தாள். சட்டியைப் பார்த்தாள்.
"உப்புக் காணாது" என்றாள்.
பிறகு பானையில் மிச்சமிருந்த சோற்றை
அந்தச் சட்டிக்குள் கொட்டி,
அடி, ஓரம், விளிம்பு எல்லாம்
கையால் வழித்துப் பிரட்டத் தொடங்கினாள்.