எட்டாம் சீட்டு

ஐஸ் பிளாண்ட் மாடியில் எட்டுப் பேர்.
குலுக்கியதில் எனக்கு எட்டு விழுந்ததும்
லிஜின் சிரித்தான்: "எக்காவுக்கு எச்சில்தான்."
பாம்பு வாலில் வந்துதான் திரும்பும்
என்பது அவனுக்கு நினைவில்லை.
முதல் சுற்றின் கடைசிப் பெயரும்
இரண்டாம் சுற்றின் முதல் பெயரும்
ஒரே மூச்சில் என்னுடையவை.

தூத்தூர் செவன்ஸில் ஆடப்போகிறவர்களைத்
தாளில் பங்கு போடுகிறோம், ஆளுக்கு ஏழு பேர்.
கோலுக்கு ஐந்து. வலை காத்தவனுக்கு நான்கு.
மஞ்சள் அட்டைக்கு ஒன்று கழியும்.
எடுத்தவனை மாற்ற முடியாது.
ஆட வராதவனுக்குச் சுழி.

லிஜின் வினுபினைச் சொன்னான்.
யார்தான் சொல்லமாட்டார்கள்?
அவன் இடக்காலால் வளைத்தால்
பந்து காற்றிடம் வழி கேட்டுக் கேட்டுப் போகும்.
பிறகு முன்களம் மொத்தமும் தீர்ந்தது,
ஏலத்தில் நெய்மீன் முதலில் தீர்வதுபோல.

நான் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் கணக்கெழுதுகிறவள்.
எந்தப் போட்டுக்கு யார் முன்பணம் வாங்கினார்கள்,
எதன் புரொப்பல்லர் வெல்டிங்குக்குப் போயிருக்கிறது,
எல்லாம் என் நோட்டில்.
ஜூலையோடு தடைக்காலம் முடியும்.
அரையிறுதி ஆகஸ்டில்.
கோலடிக்கும் கால் எது என்று அவர்கள் பார்த்தார்கள்,
கரையில் நிற்கும் கால் எது என்று நான்.

"கில்டஸ்" என்றேன். கோல்கீப்பர்.
அவன் போகும் மரிய ஸ்டெல்லாவுக்கு
எஞ்சின் பம்பு போய்விட்டது,
செப்டம்பர் ஆகும் என்று மெக்கானிக் கைவிரித்தாயிற்று.
"ததேயு" என்றேன். மாடியே சிரித்தது.
கீழே ஐஸ் உடைக்கிறவன், முட்டில் பட்டை,
ஓடமாட்டான். ஆனால் இருப்பான்.
பின்னும் ஓர் ஆட்டோக்காரன், ஒரு ஐடிஐ வாத்தியார்,
ஆகஸ்ட் பதினெட்டில் கல்யாணம் வைத்திருக்கும் ஜெபின்.

ஒரே ராத்திரியில் போட்டு வெளிச்சமெல்லாம்
பொழி கடந்து போயிற்று.
லிஜினுக்கு ஏழில் மிச்சம் இரண்டு.
எனக்கு ஏழும்.
பதினொரு புள்ளி முன்னால் நின்றேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு பெட்டி வந்தது.
கொச்சியிலிருந்து. நல்ல கனம்.
மரிய ஸ்டெல்லாவின் பம்பு,
ஒரு மாதம் முந்தி.

வாங்கிக் கையெழுத்துப் போடுவது நான்தான்.
திங்கள் சொன்னால் ஏனென்று கேட்க ஆளில்லை.
காலால் பெட்டியை மேசைக்கடியில் தள்ளினேன்.
சாயா குடித்தேன்.
நோட்டைப் புரட்டினேன், சும்மாதான்.
கில்டஸின் பற்று நாலு பக்கம் ஓடியது:
அரிசி, பிள்ளை பீஸ், மறுபடி அரிசி,
தடைக்காலத்தில் வாங்கியதற்கு வட்டி.
என் கையெழுத்துதான் எல்லாம்,
எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன்.

ஸ்ராங்குக்குப் போன் போட்டேன்.

ஞாயிறு கோலில் நின்றது ஒரு பிளஸ்டூ பையன்.
பந்து வரும்போது கண்ணை மூடிக்கொண்டான்.
கார்னரில் லிஜினின் மிச்சம் இரண்டு பேரும்
ஆளுக்கொன்று தலையால் போட்டார்கள்.
ததேயு ஒன்றுக்கும் வாங்காத மஞ்சள் அட்டை வாங்கினான்.

இரவு ஆபீஸ் வயர்லெஸ்ஸில் இரைச்சலுக்குள்ளே கில்டஸ்:
"எக்கா, களி என்னாச்சு?"
"வலையில மூணு விழுந்துது மக்கா. அங்க?"
கொஞ்ச நேரம் கடல் மட்டும் கேட்டது.
"இனிதான் போடணும்."