கழிவு போக

பெரம்பூரில் ரயில்வேக்காரர்களின் பழைய மண்டபம்.
வாசலில் பேனர்: இன்னிசை பெரிய எழுத்தில்,
புற்றுநோயாளர் நிதி சின்ன எழுத்தில்.
நாற்காலி முந்நூறு என்று சொல்லி
இருநூற்று நாற்பதுதான் இறக்கினான் பந்தல்காரன்.
எண்ணியவன் நான். எண்ணுவது என் தொழில்.

மேடை எங்களுக்கு வருஷத்தில் ஒருநாள்.
நைஜல் டிரம்ஸ்; பகலில் பள்ளி வேன் ஓட்டுகிறான்.
சாக்ஸபோன் ஞானசெல்வம் கோச் ஃபாக்டரி வெல்டர்.
கீபோர்டு பல் டாக்டர் இஸ்மத்;
கறுப்புக் கட்டை ஒன்று கழன்று விழ
பல்லுக்குப் போடும் சிமென்ட்டால் ஒட்டிவிட்டார்.
பாட்டு, சொர்ணவல்லி.
ஐந்தரைக் கட்டையில் ஏறி நின்றவள்
ஆறு சுற்று மருந்துக்குப் பிறகு
நாலரை, என்றாள்.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
எல்லாப் பாட்டையும் ஒரு கட்டை இறக்கி
எழுதிக்கொண்டோம், பென்சிலால்.

நான் பேஸ் கிட்டார். நாலே கம்பி.
"அந்தக் கடைசி ஆள் எதுக்கு?" என்று
நண்பன் கல்யாணத்தில் அவன் மாமனாரே கேட்டார்.

பகலில் அண்ணா சாலை, ஐந்தாம் மாடி,
மருத்துவக் காப்பீடு, கோரிக்கைப் பிரிவு.
என் பேனாவுக்குத் தெரிந்த வாக்கியங்கள் மூன்று:
முன்பே இருந்த நோய்.
காத்திருப்புக் காலம் முடியவில்லை.
படிவத்தில் மறைக்கப்பட்டது.
வருந்துகிறோம் என்பது அச்சிலேயே இருக்கும்,
அதை நான் எழுத வேண்டியதில்லை.

ஆறரை என்று போட்டு ஏழே காலுக்குத் தொடங்கினோம்.
மழை வேறு, சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர்.
முதல் பாட்டில் நைஜல் முந்தி ஓடினான்,
அடுத்ததில் ஞானசெல்வம் பின்தங்கினான்,
மூன்றாவதில் எப்படியோ,
நாலு ஷேர் ஆட்டோவில் கிளம்பிய ஒரே குடும்பம் போல,
ஒரே வாசலில் வந்து இறங்கினோம்.

இடைவேளை. சமோசா.
சேரும் பணம் யாருக்கு என்று
செயலாளர் சீட்டைப் பார்த்துப் படித்தார்.
மூன்று பெயர். இரண்டாவது
ம. அற்புதராணி, நாற்பத்தொன்று, வியாசர்பாடி.

பழுப்பு நிறக் கோப்பு.
செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டுக்கு முன்.
என் இரண்டாவது வாக்கியம்.
பதினெட்டு நாள் குறைந்தது;
கட்டிக்குப் பொறுக்கத் தெரியவில்லை.
மூன்று லட்சத்து எழுபதாயிரம்.

முன்வரிசையில் எழுந்து கும்பிட்டாள்.
தலையில் நீலத் துணி. பக்கத்தில் ஒரு பையன்
அவள் சமோசாவையும் சேர்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

அதன்பின் என்ன வாசித்தேனோ தெரியாது.
நாலரையிலும் ஓரிடம் எட்டாமல்
சொர்ணவல்லி நிறுத்தினாள்;
கூட்டம் அந்த ஒரு சொல்லைப் பாடிக் கொடுத்தது.
அந்தச் சொல்லுக்கு அடியில்
நான் இருந்திருக்க வேண்டும்.
இல்லை.

ஒயரைச் சுருட்டும்போது வந்தாள்.
"தம்பி, உங்களுது காதுல கேக்கவே இல்ல."
தெரியும்க்கா, என்றேன்.
"நாற்காலில கேட்டுச்சு.
பிளாஸ்டிக் நாற்காலி இல்லியா,
கைப்பிடி அதிர்ந்துகிட்டே இருந்துச்சு.
மருந்து ஏத்துனதுலேர்ந்து விரலெல்லாம் மரத்துக் கெடக்கு,
அதுலயும் தெரிஞ்சுது."
பையன் கம்பியைத் தொடலாமா என்று கேட்டான்.
தொட்டான். மிகத் தடித்த கம்பியை.
என் வலக்கையைச்
சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

வசூல் எண்பத்தாறாயிரத்து நானூறு.
மண்டபம், ஒலிபெருக்கி, ஜெனரேட்டர், சமோசா
கழிவு போக
ஐம்பத்தொன்பதாயிரத்து இருநூறு.
டீக் கப்பின் அடியில் அதை மூன்றால் வகுத்தேன்.
இன்னொரு கப் எடுத்து மறுபடியும்.

திங்கட்கிழமை.
மறுபரிசீலனைப் படிவம் பச்சை நிறம்.
கையெழுத்து மூன்று வேண்டும், முதலாவது என்னுடையது.
எந்த அலமாரி என்று தெரியும், சாவி யாரிடம் என்றும்.
லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்று
யாரையோ ஏற்றிக்கொண்டிருக்கிறது.
பிடித்திருக்கும் கம்பி அதிர்கிறது.