அரைநாள் மொழிபெயர்ப்பு

கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
வாவியைப் பார்த்தபடி ஒரு மண்டபம்.
காலை ஒன்பதுக்கு வெள்ளை வான்கள் மூன்று.
தங்கநேசம் நிறத்தைப் பார்த்து
வாசலிலேயே நின்றுவிட்டார்.
"வாங்கக்கா, இது வேற" என்றேன்.

மேசையின் அந்தப் பக்கம் தூதுக்குழு.
இந்தப் பக்கம் பெண்கள், மடியில் படங்கள்.
நடுவில் நான்,
ஒரு போத்தல் தண்ணீர், இரண்டு பேனை.

நரைத்த தாடிக்காரர் தொடங்கினார்.
நான் சொன்னேன்:
உங்கள் நிலைமை குறித்து அவர்கள்
ஆழ்ந்த கவலை கொண்டிருக்கிறார்கள்.
தங்கநேசம் என் பக்கம் சாய்ந்தார்.
"அவருக்கென்ன கவலை, புள்ள?
அவர்ர மகனையும் ஆரும் கொண்டு போனதா?"
கேலியில்லை. உண்மையாகவே கேட்டார்.
அதை நான் அந்தப் பக்கம் கொண்டுபோகவில்லை.

பிறகு வரிச்சலுகை.
நாடு கொடுத்த வாக்குகளைக் காத்தால்
இங்கே தைத்த உடுப்பு அங்கே தீர்வையில்லாமல் இறங்கும்.
காக்காவிட்டால் நிறுத்தலாம்.
நிறுத்தட்டுமா என்பதை
அவர் ஆறு வாக்கியத்தில் கேட்டார்.
எனக்கு ஒரு சொல் போதுமாயிருந்தது.

வெளியே மாமரத்தடியில் ஒரு பஸ்,
ஏறாவூர்ப் பக்கத்துக் காமென்ஸ் முதலாளி அனுப்பியது.
நீலத் தொப்பிப் பிள்ளைகள்,
எல்லா மட்டையிலும் ஒரே ஆளின் கையெழுத்து:
எங்கள் வேலையைப் பறிக்காதீர்.
மூன்றாவது வரிசையில் டிலோஜினி,
தங்கநேசத்தின் கடைக்குட்டி.
மணிக்குத் தொண்ணூறு இடுப்புப் பட்டி தைப்பவள்.
வாழைச்சேனை ரோட்டில் அண்ணனை ஏற்றியபோது
அவளுக்கு ஒன்பது வயது.
அவள் சம்பளத்தில்தான்
கோபிகாந்தின் படத்துக்குப் புதுக் கண்ணாடி போட்டது.
இருவரும் காலையில் ஒரே ஓட்டோவில் வந்து
சந்தியில் இறங்கி
சோற்றுப் பார்சலை இரண்டாக்கிக்கொண்டு
பிரிந்தார்கள்.

தங்கநேசம் படத்தைக் குப்புற வைத்தார்,
அவன் கேட்கக் கூடாது என்பதுபோல.

"கரவலை பார்த்திருக்கிறீங்களா ஐயா?
ரெண்டு கயிறும் சேர்ந்து இழுக்கணும்.
மடி கரைக்கு வாற வரைக்கும் விடப்படாது.
நீங்க ஒருக்கா நிப்பாட்டினீங்க.
மறுகா திரும்பக் குடுத்தீங்க.
இடையில எங்கட பக்கம் ரெண்டு காமென்ஸ் பூட்டினது.
என்ர மகன் வரல்ல.
கயிறு ஆர்ர கழுத்துல விழுந்ததெண்டு
ஒருக்கா எண்ணிப் பாருங்க."

தாடிக்காரர் எழுதினார்.
நான் மூச்சு விட்டேன். அவர் முடிக்கவில்லை.

"நிப்பாட்டாதீங்க எண்டு சொல்லல்ல.
என்ர புள்ளட சம்பளத்தை விட்டுட்டு
கொண்டு போனவன்ர விசாவ நிப்பாட்டுங்க.
அவன்ர பேர் அஞ்சு முறை எழுதித் தந்திருக்கு.
அவன்ர மகள் படிக்கிறதும் உங்கட ஊர்லதானே."

இதை ஒரு சொல் விடாமல் கொண்டுபோனேன்.
பேனை நின்றது.
மின்விசிறி ஒரு தாளைத் தூக்கி
மறுபடி அதே இடத்தில் வைத்தது.
உரிய வழிகளினூடாக எழுப்பப்படும், என்றார்.
நான் அப்படியே சொன்னேன்.
"உரிய வழியெண்டா எந்த ரோட்டு, புள்ள?"

தேநீருக்கு எல்லோரும் எழுந்தார்கள்.
பஸ் பிள்ளைகளுக்கும் ரோல்ஸ் போனது.
மட்டையை மடித்து அதன்மேல் உட்கார்ந்து
டிலோஜினி தின்றாள்.
கட்டணச் சீட்டில் எழுதினேன்: அரை நாள்.

நாலு மாதம் கழித்து அறிக்கை வந்தது.
எழுபத்திரண்டு பக்கம்.
சலுகை தொடரும், கண்காணிப்புடன்.
கிழக்கில் கருத்துகள் கலவையாக இருந்தன.

இரவு தங்கநேசம் அழைத்தார்.
"எங்கட கதை அதில இருக்கா?"
மூலத்தில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது,
எங்கள் தொழிலில் முதலில் சொல்லித் தருவது அதுதான்.
பின்னால் கோப்பை கழுவும் சத்தம்,
டிலோஜினி வேலை முடிந்து வந்திருக்கிறாள்.

"ஒரு வரி இருக்கு அக்கா."

"அவன்ர பேரோடயா?"