ஆறாம் மஞ்சள்

ஜுபைலில் எங்கள் குழாய்ப் பட்டறையின்
கழிப்பறைக் கதவுகளில்
எட்டு மஞ்சள் ஒட்டியிருக்கிறது.
வெளிறிய எலுமிச்சையில் தொடங்கிக்
கடுந்தேநீரில் முடியும்.
உன் நிறம் எது, நீயே பார்த்துக்கொள் என்று
ஐந்து மொழிகளில்.
தமிழில் மட்டும் சிறுநீர் ‘சிறுநிர்’ ஆகிவிட்டது.
திருத்தச் சொன்னேன்.
மறு அச்சுக்குப் பணம் ஒதுக்கவில்லை.
ஒதுக்காதவன் நானேதான்.

கணக்குப் பிரிவு நான்.
பணியாளர் நலத் திட்டம் என்று கோப்பு வந்த அன்று
வீண் செலவு என்றே நினைத்துப் பதிந்தேன்:
நிழல் கூடாரம் இரண்டு,
ஐஸ் இயந்திரம் ஒன்று,
உப்புச்சர்க்கரைப் பொட்டலம் மாதம் ஒன்பதாயிரம்,
மரிவிக் என்றொரு செவிலி, வாரம் மூன்று நாள்.

முதல் மாதம் முழுக்கச் சிரிப்பு.
கையில் பட்டை கட்டி நடைப்போட்டி வைத்தார்கள்.
நாங்கள் ஏசி தாழ்வாரத்தில்
கோப்பைச் சுமந்து போவதுபோல் நடந்து நடந்து
எட்டாயிரம் சேர்த்தோம்.
சாரம் கட்டும் ஞானப்பழம்
போட்டி நடப்பதையே மறந்து
முப்பத்தோராயிரம் அடி வைத்துவிட்டு இறங்கி வந்தான்.
பரிசு,
நகரத்து உடற்பயிற்சிக் கூடத்தில் மூன்று மாத அனுமதி.
சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கேட்டான்:
“அங்க போயி வேலை செஞ்சா
அவங்க சம்பளம் குடுப்பாங்களா சார்?”

காலாண்டு முடிவில் இயக்குநர் கேட்டார்,
போட்ட ரியாலுக்கு வந்த ரியால் எவ்வளவு.
நோய் விடுப்பு குறைந்ததைக் காட்டினேன்.
போதாது என்றார்.
பயம் கூடினாலும் விடுப்பு குறையும்;
அது அவருக்கும் தெரியும்.

எக்ஸ்ரே அறைக்குப் போனேன்.
ஒவ்வொரு வெல்டிங்குக்கும் அங்கே ஒரு படம் உண்டு.
ஜூனில், மாலை மூன்றுக்கு மேல் வைத்தவற்றில்
ஊசிமுனைத் துளைகள், ஒட்டாத விளிம்புகள்.
நூற்றுக்குப் பதினொன்றை வெட்டி எறிந்திருந்தார்கள்.
ஆகஸ்டில் அதே ஆட்கள், அதே கம்பி,
வெக்கை மட்டும் கூடுதல்.
நூற்றுக்கு நான்கு.
படத்தை விளக்கில் பிடித்தபடி
சோதனையாளர் ஹமீதுகனி சொன்னார்:
“தண்ணி குடிச்ச கை இது.
பாருங்க, கோடு எப்படிப் போகுதுன்னு.”

அறிக்கையில் அப்படி எழுத முடியுமா?
மறுவேலை நேரம், கம்பிச் செலவு, தாமத அபராதம் என்று பிரித்தேன்.
ஒரு ரியாலுக்கு
மூன்று ரியால் நாற்பது ஹலாலா.
கையெழுத்து விழுந்தது.
அடுத்த கோடைக்கும் ஐஸ் உண்டு.

பொய் ஒன்றும் இல்லை.
ஆனால் போன வருடம் ஜூலை பதினேழில்
குழாயின் மேலிருந்து சரிந்து விழுந்த தாப்பா
இந்த ஜூலை பதினேழில்
அதே குழாயின் மேல் உட்கார்ந்து
ஊருக்கு வீடியோ பேசிக்கொண்டிருந்தான்.
அதற்கு எந்தக் கட்டமும் பொருந்தவில்லை.
விழாத ஆளுக்கு வவுச்சர் கிடையாது.

அறிக்கை முடிந்தபோது இரவு மணி இரண்டு.
தேநீர் மட்டும் ஏழு. பிடரியில் வலி.
மரிவிக் எழுதிக் கொடுத்த என் ரத்த அழுத்தச் சீட்டு
விசைப்பலகைக்கு அடியில்,
மடித்தது மடித்தபடி.
கழிப்பறைக் கதவின் முன் நின்றேன்.
ஆறாம் மஞ்சள்.
ஏழோ என்றும் சந்தேகம்,
குழல்விளக்கு விட்டுவிட்டு எரிகிறது.

கூடாரத்தில் இரவுப் பணிக்காரன் ஒருவன்.
பெயர் தெரியாது; எண் தெரியும், 4471.
குவளையை நிரப்பிக்கொண்டு
எனக்கு இடம் விட்டு நகர்ந்தான்.

குடித்தேன். பல் கூசியது.
இந்தக் குவளையை
நான் கணக்கில் சேர்க்கவில்லை.