பன்னிரண்டு பாகை

பரந்தன் சந்தி, கராஜுக்குப் பக்கத்துக் கடை.
ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் ஒன்று,
கரண்ட் எப்போது போகும் என்று தெரிந்த நான்.

குலேந்திரன் அண்ணையின் பஸ்சுக்கு எழுத்து.
கண்ணாடிக்குக் கீழே நாலரை அடி.
அதற்குள் புதுக்குடியிருப்பு போகவேணும்,
ஒன்பது எழுத்து,
ஒன்றுகூட ஒல்லி இல்லை.

இருக்கிற எழுத்தை இழுத்து நெரித்தால்
நிற்கிற கோடு மெலிகிறது, கிடக்கிற கோடு அப்படியே.
பட்டினி கிடந்த பிள்ளைக்கு வயிறு மட்டும் தெரிவதுபோல.
ஆகவே நானே வரைந்தேன்.
தடித்தது. ஒடுங்கியது. பன்னிரண்டு பாகை சாய்ந்தது.
வால் இல்லை, கொண்டை இல்லை,
தொடங்கிய தடிப்பிலேயே முடிகிற கோடு.

விசுவமடு அடங்கியது.
உடையார்கட்டுக்கு இரண்டு இரவு போனது.
வள்ளிபுனத்தில் ‘ன’வின் கண் அடைபட்டது,
ஒரு மில்லிமீற்றர் திறந்துவிட்டேன்.
பிறகு புள்ளி.
எழுத்துச் சாய்ந்தால் புள்ளியும் தள்ளிப் போகவேணும்,
நேர் மேலே வைத்தால்
காற்றில் கழன்ற தொப்பி மாதிரிப் பின்னால் நிற்கிறது.

வலப்பக்கம் வினுசன் ஒட்டி முடித்தபோது
பஸ் நின்றபடியே ஓடியது.
அண்ணை சிரித்தார், சுற்றி வந்தார்,
இடப்பக்கம் பார்த்தார்.

“தங்கச்சி, இஞ்சால பஸ் பின்னுக்கல்லோ போகுது?”

உண்மைதான்.
இந்தப் பக்கம் நின்றால் பஸ்சின் மூக்கு என் இடக்கைப் பக்கம்,
எழுத்துகளோ வலக்கைப் பக்கம்,
விட்டுவந்த ஊரைப் பார்த்துச் சாய்ந்தபடி.
கதவு இருப்பதும் இந்தப் பக்கம்தான்.
ஏறுகிற சனம் வாசிப்பது இதைத்தான்.

எனக்கு ஏழு வயதில் இதே வீதியால்
உழவு மெஷின் பெட்டியில் கிழக்கே போனோம்.
பெட்டி முன்னுக்குப் போனது.
அம்மா பின்னுக்குப் பார்த்தபடி இருந்தா,
கிணற்று வாளியை எடுக்கவில்லையாம்.
வேலியோரம் நின்று யாராவது பார்த்திருந்தால்
எங்களை எந்தப் பக்கம் என்று வாசித்திருப்பார்?

“நாளைக்கு வாங்கோ அண்ணை” என்றேன்.

இடப்பக்கத்துக்கு வேறு எழுத்து.
அதே பன்னிரண்டு பாகை, மற்றப் பக்கம்.
‘ட’ சாய்மனைக் கதிரை ஆனது,
‘ர’வுக்குக் கால் தடக்கியது.
தமிழ் அப்படிச் சாய்ந்து நான் அச்சில் கண்டதில்லை.
கொப்பியில் கண்டிருக்கிறேன். நான் இடக்கைக்காரி,
எட்டாம் வகுப்புவரை என் எழுத்து இப்படித்தான் விழுந்தது,
அதற்கு மார்க்கும் குறைந்தது.

பேசிய காசில் ஐந்நூறு குறைத்துத் தந்தார்.
‘பிழை உன்ரதானே’ என்பதற்கு அது.
ஐந்து ஐம்பதுக்கு முதல் பயணம், பஸ் போய்விட்டது.

மேசையைத் துடைக்கும்போதுதான் கண்டேன்,
வினுசனின் முழங்கைக்குக் கீழே ஒட்டியிருந்த
சிவப்புப் புள்ளி.
இப்போது தருமபுரம் தாண்டியிருக்கும்
புதுக்குடியிருபபு.

கலண்டரில் நாளைய திகதியின் மேல் ஒட்டி வைத்தேன்.
வட்டம் என்றுதான் நினைத்திருந்தேன்,
கிட்டப் பார்த்தால்
அதுவும் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது.