பிராயிஸுக்கு, எட்டு மில்லிமீட்டர் பற்றி

பிராயிஸ்,
கிரேனின் கம்பிவடத்தை மாற்றிவிட்டோம்.
நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை படகைக் கட்டிய பிறகு
வடத்தைத் துடைக்கப் போனேன்.
துணியை அது விடவில்லை.
அறுந்த கம்பி நுனிகள்.
ஒரு சாணுக்குள் பதினொன்று எண்ணினேன்.
மிச்சம் கிரீஸுக்கு அடியில்.
வெர்னியரை வைத்தேன்,
புரியின் முதுகிலிருந்து எதிர்ப்புரியின் முதுகுக்கு.
எட்டாகப் பிறந்தது
ஏழு புள்ளி இரண்டாக இளைத்திருந்தது.

வில்லகார்சியாவில் அமாரோவின் கடை உனக்குத் தெரியும்.
பூனை இன்னும் அதே சுருளின் நடுவில்தான் தூங்குகிறது.
ஏழு மில்லி கொடு என்றேன்.
தேய்ந்ததை அளந்து வாங்குவாயா,
நோயாளியின் இடுப்பளவுக்குக் கல்யாணக் கோட்டு தைப்பது போல,
என்றான்.

எவர்சில்வர் மாதிரி மின்னிய ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன்.
உப்பிலேயே பிழைக்கிறோம், துருப்பிடிக்காதது நல்லதுதானே?
உதட்டைப் பிதுக்கினான்.
உன் கப்பி சின்னது. வளைந்து வளைந்து
அது உள்ளுக்குள் களைக்கும், முகத்தில் காட்டாது.
நாகமுலாம் பூசியது போதும்.
துணியிலாவது மாட்டும்.

பிறகு கேள்விகள்.
எத்தனை டன் என்பது கடைசியில்தான்.
முதலில், ஒற்றை வடமா, மடித்துப் போட்டதா?
உருளையில் எந்தப் பக்கம் கட்டியிருக்கிறது?
கையை நீட்டிக் காட்டச் சொன்னான்.
கடைக்கு நடுவில் போக்குவரத்துக் காவலர் மாதிரி நின்றேன்.
தூக்கும்போது கொக்கி சுற்றுமா?
சுற்றும், என்றேன். எப்போதுமே.
கழிமுகத்துக் காற்று.

காற்றில்லாத நாளிலுமா?

நான் பூனையைப் பார்த்தேன், பிராயிஸ்.

கிரேனின் தகட்டைப் படம் பிடித்து வரச் சொன்னான்.
நாலு பூச்சு நீலப் பெயின்ட்.
கத்தியால் நானும் உஷியாவும்
ஒரு மதியம் முழுக்கச் சுரண்டினோம்.
முதலில் ஒரு எட்டு வந்தது.
அப்புறம், சுழலாத வகை மட்டும்,
என்று ஒரு வரி.
வாங்கிய நாளிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறது.

நாம் போட்டிருந்தது ஆறு புரி, நடுவில் நார்.
மீட்டருக்கு ஒன்று எண்பது. நான்தான் பேரம் பேசினேன்.
எல்லாப் புரிக்கும் ஒரே பக்கத்து முறுக்கு.
பாரம் ஏறியதும்
அது தன் முறுக்கை அவிழ்த்துக்கொள்ளப் பார்க்கும்.
கூடவே சிப்பி மூட்டையும் சுற்றும்.
அதுதான். அவ்வளவுதான்.

நாலு வருடம் பக்கக்கயிற்றோடு நின்றவன் நீ.
இழுத்துப் பிடி, தூங்குமூஞ்சி, என்று
படகின் மறுமுனையிலிருந்து கத்தியவள் நான்.
மூட்டை திரும்பி உன் மணிக்கட்டைப் பிசகவைத்த அன்று
எல்லோர் முன்னும் சொன்னேன்,
கயிறு பிடிக்கத் தெரியாதவனுக்குக் கடல் எதற்கு என்று.
ஈஸ்டர் முடிந்ததும் நீ
வீகோவுக்கு, கார் தொழிற்சாலைக்குப் போனாய்.
போகட்டும் என்றேன். அதையும் கேட்டிருப்பாய்.

புதியது மீட்டருக்கு நாலு அறுபது.
முப்பத்தெட்டு மீட்டர், சான்றிதழோடு.
வெளிப்புரிகள் ஒரு பக்கம் முறுக்கியவை,
உள்ளே இருப்பவை எதிர்ப்பக்கம்.
ஒன்றை ஒன்று சுற்றவிடாது.
வெட்டும் இடத்துக்கு இருபுறமும்
கம்பியால் இறுகக் கட்டிவிட்டுத்தான் வெட்டினான்,
இல்லாவிட்டால் நொடியில் பிரிந்துவிடுமாம்.
சுருளைச் சக்கரம் போல உருட்டித்தான் விரிக்க வேண்டும்,
பக்கவாட்டில் உருவினால் முடிச்சு விழும்.
கப்பலடித் தளத்தில் உருட்டினோம்.
மழை. உஷியா இருமுறை வழுக்கினாள்.
உருளையில் எப்போதும் மூன்று சுற்று மிச்சம் இருக்கட்டும் என்று
அவள் சாக்பீஸால் எழுதிவைத்தாள்,
மழையில் கரைந்தது, மறுபடி எழுதினாள்.

இன்று காலை முதல் மூட்டை.
காற்று நன்றாகவே இருந்தது.
நீரைவிட்டு ஏறியது, ஒழுகியது,
ஒரு நண்டு உதிர்ந்தது.
ஏறிய முகம் மாறாமல்
தளத்துக்கு மேலே வந்து நின்றது.

பக்கக்கயிறு உஷியாவின் கையில் தொய்ந்து கிடந்தது.
என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
இதை வைத்து நான் என்ன செய்ய, என்றாள்.