பின்புறச் சுவர்

ஹட்டனில் சுவரைப் பச்சையாக வைத்திருக்கச் சம்பளம் தருகிறார்கள்.
நம்புங்கள், எனக்குத்தான்.
ஆனியில் ஒரு மாதம் சும்மா விட்டால்
எந்தச் சுவரும் தானே பச்சையாகும் ஊர் இது.
சப்பாத்துக்குள்ளும் பாசி பிடிக்கும்.

ஆனாலும் வங்கி ஐந்து மாடி கட்டி
முகப்பில் தோட்டம் வேண்டுமென்றது.
கொழும்பிலிருந்து வரைபடம் வந்தது.
ஆயிரத்து இருநூற்று நாற்பது கறுப்புத் துணிப் பைகள்,
ஒவ்வொன்றிலும் இரண்டு பிடி தும்பு,
பன்னம், பிகோனியா, பெயர் மறந்துபோன ஊதா இலை ஒன்று.
காலை ஆறுக்கும் மாலை நாலுக்கும்
பம்பு தானே ஓடும்.
மழை பெய்தாலும் ஓடும். அதற்கு மழை தெரியாது.

செவ்வாயும் வெள்ளியும்
மொட்டைமாடியிலிருந்து கயிற்றில் இறங்குவேன்.
இடுப்பில் வார், கையில் கத்தரி.
"பயமில்லையா அமராவதி?"
பக்கத்துச் சலூன் நிஸ்தார் கீழேயிருந்து கேட்பார்.
சரிவில் ஒரு காலை ஊன்றி
மறு காலுக்கு இடம் தேடுவது ஒன்பது வருடப் பழக்கம்.
அங்கே கூடை பின்னால் இழுத்தது,
இங்கே கயிறு மேலே இழுக்கிறது.
பறித்ததை இங்கே யாரும் நிறுப்பதில்லை.
வாடியதைக் கிள்ளிச் சாக்கில் போட்டால்
குப்பை லொறி கொண்டுபோகும்.
இளசை விட்டு முற்றலைக் கிள்ள
விரல்களுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.
அவை இரண்டு வாரம் கேட்கவேயில்லை.

ஒருநாள் கல்யாண ஜோடி ஒன்று படம் எடுக்க வந்து நின்றது,
மூன்றாம் மாடியில் நான் தொங்குவது தெரியாமல்.
"அக்கா, கொஞ்சம் ஒதுங்குங்க" என்றார் படக்காரர்.
எங்கே ஒதுங்க?
சுவரை உதைத்து வலப்பக்கம் ஆடிப்போனேன்.
அவர்கள் அல்பத்தில் எங்கோ என் சப்பாத்து இருக்கும்.

இவ்வளவும் முகப்பு.

பின்னால் ஜெனரேட்டரும் பூனைகளும்தான்.
இடம் போதாதென்று மலையை வெட்டினார்கள்,
நாற்பது அடி, நெட்டுக்குத்தாக.
நாலு மாதம் அது சிவப்பாக நின்றது.
பிறகு கம்பி வலை விரித்து, ஆணி இறக்கி,
குழாயால் சீமெந்தை விசிறி மூடினார்கள்.
மூடியபின் யாருக்கோ மனம் கேட்கவில்லை போல,
பச்சைப் பெயின்ட் அடித்தார்கள்.

சீமெந்துக்குச் செடி உடுத்தி
செடி நின்ற மலைக்குச் சீமெந்து.
நிஸ்தாரிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
அவர் கடையும் அந்த மலையில்தான் முதுகு சாய்த்திருக்கிறது.

அந்தச் சுவருக்கு முப்பத்திரண்டு குழாய் வாய்கள்.
போகும்போது இஞ்சினியர் துஷார
தெரிந்த தமிழில் சொல்லிவிட்டுப் போனார்:
"தண்ணி வந்தா நல்லம். வராட்டி நல்லமில்ல.
மண்ணா வந்தா" என்று நிறுத்தி
வீதியைக் காட்டினார்.

ஐப்பசி பிறந்ததிலிருந்து ஒரு ஜாம் போத்தலோடு
பின்பக்கம் போய்வருகிறேன்.
ஒவ்வொரு வாயிலும் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பேன்.
இது என் வேலை ஒப்பந்தத்தில் இல்லை.

மூன்றாம் வரிசை, ஏழாவது குழாய்,
பத்து நாளாகச் சொட்டு இல்லை.
இன்று ஏணி வைத்து ஏறினேன்.
வாயை அடைத்துக்கொண்டு ஒரு பன்னம்,
யாரும் நடாதது, வரைபடத்தில் இல்லாதது,
முகப்பில் உள்ள எதையும்விடச் செழிப்பாக.
அங்கே இருந்தால் இதைக் காப்பாற்றத்தான் எனக்குச் சம்பளம்.

வேரோடு பிடுங்கினேன்.

பழுப்பாக வந்தது.
ஏணியில் நின்றபடியே எண்ணத் தொடங்கினேன்.
நிஸ்தார் கடையில் யாருக்கோ
ஒரு கன்னம் மட்டும் சவரம் முடிந்திருக்கும்.
கொட்டுகிற மழையில், மணி நாலு,
முன்பக்கம் பம்பு ஓட ஆரம்பித்தது.
முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.
நாற்பத்தொன்றில் போத்தலைப் பிடித்தேன்.

தெளிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.
வெளிச்சம் போதவில்லை.